வெள்ளம் கொண்டுவந்த மருளூமத்தை: எழுபது சென்ட்டைத் திரும்ப எடுத்த விவரம்

இந்தப் பட்டம் கடலை பிடுங்கும்போது யார் கையிலும் முள் ஏறவில்லை. கடலைக் கொடி வாங்க வந்த மாட்டுக்காரர் குவியலை நாலு இடத்தில் புரட்டிப் பார்த்துவிட்டு, மருளூமத்தையின் முள் காய் எதுவும் இல்லை என்று தெரிந்த பிறகே விலை பேசினார். போன வருஷம் இதே நிலத்துக் கொடியைச் சும்மா தருகிறேன் என்றும் எடுத்துப்போக ஆள் வரவில்லை. நடுவில் என்ன செய்தோம், எது வேலைக்கு ஆனது, எது வீணாய்ப் போனது, எவ்வளவு செலவு என்பதை எழுதி வைக்கிறேன். ஆற்றோரம் நிலம் வைத்திருக்கிறவர்களுக்கு நிச்சயம் உதவும்.

நிலம் விழுப்புரம் மாவட்டத்தில், தென்பெண்ணைக் கரையை ஒட்டி, எழுபது சென்ட். ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்த மறுநாள் இரவு, 2024 டிசம்பர் 2-ஆம் தேதி விடியுமுன், சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு 1.68 லட்சம் கன அடி திறந்துவிட்டார்கள். கீழே இருந்த எங்களுக்கு அது கரைமேல் ஏறி வந்தது. தண்ணீர் வடிந்தபோது தாழ்ந்த மூலையில் அரை அடி வண்டல். வரப்போரமெல்லாம் நாணல், ஆகாயத்தாமரை, பிளாஸ்டிக் பாட்டில், செருப்பு. அந்தக் குப்பைக்குள் பழுப்பு நிறத்தில், சுண்டுவிரல் நுனி அளவில், உடம்பு முழுக்கக் கொக்கி முள் வைத்த காய்கள் ஏராளம். வேட்டியில் ஒட்டின, நாய் வாலில் ஒட்டின. உதறிவிட்டு வேலையைப் பார்த்தோம்.

அந்தக் காய்தான் மருளூமத்தை. தாவரவியலில் சாந்தியம் ஸ்ட்ருமேரியம். பார்த்தீனியமும் சூரியகாந்தியும் சேர்ந்த அதே குடும்பம். ஏரி உள்வாய், ஆற்றுப் புறம்போக்கு, ரோட்டோரப் பள்ளம் என்று தண்ணீர் நின்று வற்றிய இடமெல்லாம் வரும். சொரசொரப்பான முக்கோண இலை, தண்டில் ஊதாப் புள்ளிகள், இடுப்பு உயரம். காய்க்குள் காற்று அடைபட்டிருப்பதால் நாள்கணக்கில் தண்ணீரில் மிதக்கும். வெள்ளம் அதை எங்கே கொண்டுபோய் விடுகிறதோ அங்கே ஊர் பிடிக்கும்.

முதல் பட்டம்: ரோட்டவேட்டர்

தை பிறந்ததும் மண் கால் வைக்கிற பதத்துக்கு வந்தது. மணிக்கு 1,300 ரூபாய் வாடகையில் ரோட்டவேட்டர், அதாவது டிராக்டரில் மாட்டுகிற சுழல் கத்திக் கலப்பை, விட்டோம். ஒன்றரை மணி நேரம், 1,950 ரூபாய். மேலே கிடந்த குப்பையெல்லாம் உள்ளே போய் நிலம் பார்க்க அழகாக இருந்தது. கையோடு கடலை போட்டோம்.

இதுதான் பெரிய தவறான திருப்பம். மேலே கிடந்திருந்தால் பொறுக்கியிருக்கலாம். ரோட்டவேட்டர் அந்தக் காய்களை வரப்போரத்திலிருந்து இழுத்து நிலம் முழுக்கப் பரப்பி, முளைப்பதற்கு மிகப் பிடித்தமான ஆழத்தில், இரண்டு மூன்று அங்குலத்தில், ஒவ்வொன்றையும் பக்குவமாக நட்டுவைத்தது. கத்தி காயை உடைத்திருக்கும் என்று நினைத்தேன். காய் மரம் மாதிரி கெட்டி, உடையவே இல்லை.

கடலை முளைத்துவரும்போதே கூடவே இதுவும் வந்தது. முளைத்ததும் முதலில் வருகிற வித்திலை இரண்டும் நீளமாக, சதைப்பற்றோடு, பளபளவென்று, சுண்டுவிரல் நீளத்துக்கு இருக்கும். பிறகு வரும் இலைக்கும் இதற்கும் சாயலே கிடையாது. களையெடுக்க வந்த அக்கா ஒருவர், "இது என்னா தம்பி, கீரையாட்டம் இருக்கு" என்று கேட்டார். ஒன்றைப் பிடுங்கிப் பார்த்தோம். வேர்க்கழுத்தில் அந்த முள் காய் அப்படியே மாட்டிக்கொண்டு வந்தது. எங்கே பிடுங்கினாலும் இப்படித்தான். செடி சின்னதாக இருக்கும்போது அடையாளம் தெரிய இதைவிட நம்பகமான வழி இல்லை.

வீட்டுக்குக் கொண்டுபோய் முளைக்காத காய் ஒன்றை அம்மாவின் பாக்குவெட்டியில் வைத்து நீளவாக்கில் பிளந்தேன். உள்ளே இரண்டு அறை. ஒவ்வொரு அறையிலும் கறுப்புத் தோலோடு, தட்டையாக, நீளமாக ஒரு விதை. இரண்டும் ஒரே அளவு இல்லை, ஒன்று கொஞ்சம் பெரிது. பிறகு வேர்க்கழுத்தில் காய் மாட்டியிருந்த நாற்றுகள் சிலவற்றிலும் அதேபோல் பிளந்து பார்த்தேன். பெரிய விதையின் அறை காலி, சின்ன விதை அப்படியே முழுசாக இருந்தது.

இந்தச் செடியின் மொத்தத் தந்திரமும் இந்த இரண்டு அறையில் இருக்கிறது. பெரிய விதை ஈரம் பட்டதும் முளைக்கும். சின்ன விதை உறங்கும். மாதங்கள் கழித்தோ, பெரும்பாலும் அடுத்த வருஷமோ முளைக்கும். முதல் வருஷம் வந்ததையெல்லாம் ஒன்று விடாமல் பிடுங்கினாலும் பாதி விதை மண்ணில் பத்திரமாக இருக்கிறது என்று அர்த்தம். இதை அன்றைக்கே புரிந்துகொண்டதால்தான் இரண்டு பட்டத்துக்குத் திட்டம் போட முடிந்தது. நாற்றைக் காயோடு பிடுங்க வேண்டும், மேலே அறுத்தால் சின்ன விதை மண்ணிலேயே தங்கிவிடும் என்பதும் அப்போது பிடிபட்டது.

கீரை இல்லை

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று சொல்லியாக வேண்டும். அந்த அக்கா கீரை என்று சொன்னது சாதாரணமாகத் தோன்றலாம். வெள்ளத்துக்குப் பிறகு தோட்டமெல்லாம் போய், வரப்பில் முளைத்ததைப் பறித்துக் கடைகிற வழக்கம் எங்கள் பக்கம் உண்டு. இந்த வித்திலை நாற்றில் இருப்பது கார்பாக்ஸிஅட்ராக்டிலோசைட் என்ற நஞ்சு. ரத்தத்தில் சர்க்கரையை இறக்கி, ஈரலைக் கெடுக்கும். விதையிலும் இதே நஞ்சு உண்டு. உண்மையான இலைகள் வந்து செடி வளர வளரக் குறைகிறது.

வங்கதேசத்தின் வடகிழக்கில் 2007-இல் வெள்ளமும் உணவுத் தட்டுப்பாடும் சேர்ந்து வந்தபோது, மக்கள் இந்த நாற்றைக் கீரையாகச் சமைத்துச் சாப்பிட்டார்கள். 76 பேர் பாதிக்கப்பட்டு, நாலில் ஒருவர் இறந்துபோனார். வாந்தியில் தொடங்கி வேகமாக நினைவிழந்து போனார்கள். அங்கே அது ஊருக்குத் தெரிந்த கீரைதான். பெரிய செடியின் இலையைக் கொஞ்சமாகச் சாப்பிட்டுப் பழகியவர்கள், பசியில் நாற்றை நிறையச் சாப்பிட்டார்கள்.

அதனால் களையெடுக்க வந்த எல்லோரிடமும் முதல் வேலையாக நாற்றைக் காட்டி, காயைக் காட்டி, வீட்டுக்கு எடுத்துப்போகக் கூடாது என்று சொன்னேன். ஆடு, கன்றுக்குட்டி வைத்திருக்கிற பக்கத்து நிலத்துக்காரரிடமும் போய்ச் சொன்னேன். இலை வந்த செடியை ஆடு பெரும்பாலும் தொடாது, சொரசொரப்பும் கசப்பும் பிடிக்காது. நாற்றுப் பருவத்தில் அந்தப் பாதுகாப்பு இல்லை. பச்சையாக வேறொன்றும் இல்லாத நேரத்தில் கன்று அதைத்தான் கடிக்கும்.

தோல்

முதல் களை எட்டுப் பேர், ஆளுக்கு 350, மொத்தம் 2,800 ரூபாய். நாற்றுப் பருவம் என்பதால் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. தொல்லை அதற்கு அப்புறம்தான்.

கடலையில் விழுது, அதாவது பூவிலிருந்து மண்ணுக்குள் போய்க் காயாகிற காம்பு, இறங்கத் தொடங்கிய பிறகு மண்ணைக் கிளறக் கூடாது என்பது தெரிந்ததே. கிட்டத்தட்ட 45 நாளுக்கு மேல் களைக்கொத்து உள்ளே போக முடியாது. அதற்குப் பிறகு முளைத்த மருளூமத்தை கடலைக்குள்ளேயே நின்று வளர்ந்தது. கையால் ஒடித்துப் பார்த்தோம். நானும், களையெடுத்த அக்காவும் வெறுங்கையோடு, அரைக்கை உடுப்போடு, நல்ல வெயிலில் காலை முழுக்க ஒடித்தோம். எனக்கு ஒன்றும் ஆகவில்லை. அக்காவுக்கு மறுநாள் கண் இமை வீங்கி, கழுத்தைச் சுற்றியும் முழங்கை மடிப்பிலும் சிவந்து தடித்துவிட்டது. அரிப்பில் ராத்திரி தூங்க முடியவில்லை.

விழுப்புரத்தில் தோல் மருத்துவரிடம் கூட்டிப்போனேன். முன்பு பார்த்தீனியம் பிடுங்கி அரிப்பு வந்திருக்கிறதா என்பதுதான் அவர் கேட்ட முதல் கேள்வி. வந்திருக்கிறது, பல வருஷமாக. பார்த்தீனியத்தில் ஒவ்வாமையைக் கிளப்புகிற செஸ்குவிடெர்பீன் லாக்டோன் வகைச் சேர்மங்கள் மருளூமத்தையிலும் உண்டு. ஒன்றுக்கு ஒவ்வாமை வந்துவிட்ட உடம்பு மற்றொன்றைப் பார்த்தாலும் அதேபோல் சீறும். காய்ந்த இலைத் தூளும் ரோமத் தூசியும் காற்றில் பறந்துவந்து படுவதால்தான் கை பட்ட இடத்தைவிட இமையிலும் கழுத்திலும் அதிகமாக வருகிறது என்று விளக்கினார். மருந்து, போக்குவரத்துச் செலவு நான் கொடுத்தேன். அந்த அக்காவை மறுபடி இந்த வேலைக்குக் கூப்பிடவில்லை. வேறு வேலை கொடுத்தேன்.

மகரந்தம் தனி விஷயம். செடியின் உச்சியில் சின்ன உருண்டைகளாக ஆண் பூ, அதற்குக் கீழே இலைக்கக்கத்தில் பெண் பூ. பூ என்று சொன்னாலும் நிறமோ வாசனையோ கிடையாது. வண்டு தேடி வர வேண்டியதில்லை, காற்றிலேயே வேலை நடக்கிறது. காற்றில் போகிற மகரந்தம் மூக்குக்கும் போகும். தும்மல், கண்ணில் நீர், இரைப்பு உள்ளவர்களுக்கு மூச்சிறைப்பு. வட அமெரிக்காவில் மூக்கொவ்வாமைக்குப் பேர்போன ரேக்வீட் செடிக்கு இது ஒன்றுவிட்ட சொந்தம்.

அதற்கப்புறம் உடுப்பு விஷயத்தில் கறாராக இருந்தோம். முழுக்கைச் சட்டை, கழுத்தைச் சுற்றித் துண்டு, முகக்கவசம், கையுறை. துணிக் கையுறை வேண்டாம், சாற்றை உறிஞ்சி வைத்துக்கொண்டு தோலிலேயே அழுத்தும். உள்ளங்கையில் நைட்ரைல் பூசிய கையுறை ஹார்டுவேர் கடையில் ஜோடி 70 ரூபாய். எட்டு ஜோடி வாங்கினேன், 560. முள்ளும் உள்ளே இறங்கவில்லை. வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் குளித்துவிட வேண்டும், வேலைத் துணியை வீட்டுத் துணியோடு சேர்த்துத் துவைக்கக் கூடாது. பார்த்தீனியம் ஒத்துக்கொள்ளாதவர்களை முன்கூட்டியே கேட்டு விலக்கிவிட்டோம்.

அறுவடையில் தெரிந்த நஷ்டம்

கடலை பிடுங்கும்போது முற்றிய காய் எல்லோர் கையிலும் ஏறியது. பாதி நாளில் ஆட்கள் கரையேறிவிட்டார்கள். மீதியை வீட்டு ஆட்களாகப் பிடுங்கினோம். கொடி விலை போகவில்லை. காய் கலந்த கொடியை மாட்டுக்குப் போடவும் மனசு வரவில்லை, விதையில் நஞ்சு இருக்கிறதே.

அங்கே இன்னொன்றும் கவனித்தேன். இடுப்பு உயரச் செடியில்தான் காய் இருக்கும் என்று நினைத்து, கடலைக்கு மேலே தலை காட்டாத பொடிச் செடிகளை விட்டிருந்தோம். ஒரு சாண் உயரச் செடியிலும் நாலைந்து காய் முற்றியிருந்தது. பூப்பதற்கு இருட்டின் நீளம்தான் கணக்கு என்று 1938-இல் ஹாம்னர், பானர் என்ற தாவர ஆராய்ச்சியாளர்கள் அமெரிக்காவில் காட்டியது இதே செடியை வைத்துத்தான். எட்டரை மணி நேரம் தொடர்ச்சியான இருட்டு கிடைத்தால் இதற்குப் போதும். நம் ஊரில் சித்திரை, வைகாசி ராத்திரிகூட பதினொரு மணி நேரத்துக்குக் குறையாது. குளிர் நாடுகளில் கோடை முழுக்கப் பூக்காமல் காத்திருக்கிற செடி இங்கே வருஷம் முழுக்கப் பூக்கத் தயாராக நிற்கிறது. எனவே, உயரத்தைப் பார்த்துக் களையெடுப்பது இதற்குச் சரிவராது. நாலு இலை விட்டுவிட்டால் அதைச் சந்தேகத்தோடுதான் பார்க்க வேண்டும்.

சாக்கு இழுத்தது

அறுவடைக்குப் பிறகு உழவு போடவில்லை. முதல் தடவை கற்ற பாடம் அது. காயெல்லாம் மேலேயே கிடக்கட்டும் என்று விட்டு, கோடை வெயிலில் நன்றாகக் காய்ந்ததும் பொறுக்கத் தொடங்கினோம். குனிந்து பொறுக்கி முடிகிற வேலையா அது? வேட்டியில் ஒட்டுகிற காய் சாக்கில் ஒட்டாதா என்று தோன்றியது.

ஆறடி மூங்கில் ஒன்று எடுத்து, சணல் சாக்கு மூன்றை வரிசையாகப் பிரித்துக் கட்டி, இரண்டு முனையிலும் கயிறு போட்டு இரண்டு பேர் இழுத்தோம். சாக்கு தரையில் முழுசாகப் படிய, பின்விளிம்பில் பழைய சைக்கிள் செயின் ஒன்றைத் தைத்தேன். உர மூட்டைப் பையையும் முயன்று பார்த்தோம், வழுக்கிக்கொண்டு போகிறது, ஒன்றும் ஒட்டவில்லை. சணல்தான் வேண்டும், அதிலும் நூல் பிரிந்த பழைய சாக்கு நன்றாகப் பிடிக்கிறது. கடையில் சாக்கு 25 ரூபாய், பன்னிரண்டு வாங்கினோம், 300.

ஒரே திசையில் இழுத்தால் பாதிதான் வரும். காயின் கொக்கி ஒரு பக்கமாக வளைந்திருப்பதால் குறுக்கே ஒருமுறை, நெடுக்கே ஒருமுறை இழுக்க வேண்டும். காலையில் பனி ஈரத்தோடு இழுத்தால் மண்ணும் சேர்ந்து ஒட்டிக் கனக்கும். பத்து மணிக்கு மேல், தரை சுண்டக் காய்ந்த பிறகு இழுப்பது சுலபம். கடலைத்தாளின் கட்டை அதிகம் இருந்த இடத்தில் சாக்கு கிழிந்தது. அங்கே மட்டும் விளக்குமாற்றால் கூட்டி அள்ளினோம்.

சாக்கில் ஒட்டிய காயைப் பிரித்தெடுக்க முயன்று நேரத்தை வீணாக்க வேண்டாம். இரும்பு பிரஷ் போட்டுத் தேய்த்துப் பார்த்தேன், கொக்கி நூலுக்குள் இறங்கிவிடுகிறது. சாக்கோடு சேர்த்து எரித்துவிடுவதுதான் சரி. இருநூறு லிட்டர் டிரம் ஒன்றின் பக்கவாட்டில் ஓட்டை போட்டு, அடியில் காய்ந்த தென்னை மட்டை அடுக்கி, காற்று வீட்டுப் பக்கம் அடிக்காத நேரம் பார்த்து எரித்தோம். விதையில் எண்ணெய் இருப்பதால் பற்றிக்கொண்டால் நன்றாக எரியும். ஆனால் குவியலின் அடியில் இருப்பது கருகி மட்டும் நிற்கும், உள்விதை சாகாது. ஆறிய சாம்பலைக் கிளறி, முழுசாக இருந்த காய்களை மறுபடி நெருப்பில் போட்டோம். புகைக்கு எதிரே யாரும் நிற்கக் கூடாது, தோல் அலர்ஜி உள்ளவர்கள் அந்தப் பக்கமே வரக் கூடாது.

மருந்துக்குக் கேட்டவர்

எரிக்கிற நேரத்தில் தெரிந்தவர் ஒருவர் வந்தார். மருளூமத்தை நாட்டு மருந்துச் சரக்கு, அதைப் போய் எரிக்கிறீர்களே, எனக்கு இரண்டு படி வேண்டும் என்றார். சைனஸுக்கு நல்லது என்று வீடியோவில் பார்த்திருக்கிறார்.

அவர் சொன்னதில் பாதி உண்மை. இதன் இலை, வேர், காய் எல்லாம் நாட்டு வைத்தியத்தில் காலங்காலமாகப் பயன்படுகிறவை. சீன மருத்துவத்தில் இந்தக் காய் மூக்கடைப்புக்கும் சைனஸ் தலைவலிக்கும் மிக முக்கியமான சரக்கு. மகரந்தத்தால் மூக்கை அடைக்கிற செடியே மூக்கடைப்புக்கு மருந்தாகவும் நிற்கிறது. ஆனால் அவர்கள் காயை அப்படியே கொடுப்பதில்லை. வெறும் வாணலியில் முள் கருகி உதிர்கிற வரை வறுத்து, முள்ளை நீக்கி, அளந்து, மற்ற மூலிகைகளோடு சேர்த்துத்தான் கொடுக்கிறார்கள். வறுப்பதால் நஞ்சு குறைகிறது. அப்படியிருந்தும் அளவு மீறிச் சாப்பிட்டு ஈரல் கெட்டவர்கள் உண்டு.

நான் கொடுக்கவில்லை. இவர் வறுப்பாரா, எவ்வளவு வறுப்பார், வீட்டில் குழந்தைக்குக் கொடுப்பாரா, எதுவும் எனக்குத் தெரியாது. முறைப்படி படித்த சித்த மருத்துவர் நஞ்சு நீக்கிச் சுத்தி செய்து கொடுப்பது வேறு, வயலில் பொறுக்கியதை வீட்டில் கஷாயம் வைப்பது வேறு. அவருக்கு வருத்தம்தான். இருக்கட்டும். 2007-இல் நடந்ததைப் படித்த பிறகு என் நிலத்திலிருந்து ஒரு காயைக்கூட வாய்க்குள் போகிற காரியத்துக்குக் கொடுக்க என்னால் முடியாது.

தக்கைப்பூண்டு

ஆடிப் பட்டத்தில் கடலை போடாமல் தக்கைப்பூண்டு விதைத்தோம். பசுந்தாளுரத்துக்கு ஏக்கருக்கு 20 கிலோ போதும். நிழலால் களையை அமுக்க வேண்டும் என்பதால் எழுபது சென்ட்டுக்கே 20 கிலோ போட்டேன். கிலோ 110, மொத்தம் 2,200 ரூபாய். நெருக்கமாக வந்து, ஒரு மாதத்தில் தரை தெரியாமல் மூடிக்கொண்டது. மருளூமத்தைக்கு வெயில் வேண்டும், நிழலில் சவலையாகத்தான் வரும். கூடவே முளைத்த செடிகள் நூல் மாதிரி நீண்டு மஞ்சளடித்து நின்றன. அப்படி நின்றாலும் காய்க்கும் என்பது தெரியுமாதலால், தக்கைப்பூண்டு பூக்கத் தொடங்கிய உடனேயே, 45 நாளில், மடக்கி உழுதுவிட்டோம். உழவு 1,300. இன்னும் பத்து நாள் விட்டிருந்தால் தழை கூடியிருக்கும், உள்ளே இருந்த செடிகளும் காய்த்திருக்கும்.

மருந்து அடிக்கவில்லையா என்று பலர் கேட்டார்கள். அகன்ற இலைக் களைக்கு 2,4-டி என்ற களைக்கொல்லி வேலை செய்யும்தான். எங்களுக்குக் கிழக்கே பருத்தி. அந்த மருந்தின் சாரல் காற்றில் போய்ப் பட்டாலே பருத்தி இலை சுருண்டுவிடும். அடுத்தவர் பயிரைக் கெடுத்து என் களையை ஒழிக்க வேண்டாம் என்று விட்டுவிட்டேன். பார்த்தீனியத்தை ஒழிக்க 1980-களில் மெக்சிகோவிலிருந்து இந்தியாவுக்குக் கொண்டுவந்த கோடு போட்ட வண்டு இதன் இலையையும் கொறிக்கிறது. மழைக்காலத்தில் சில செடிகளில் சல்லடையாகக் கொறித்திருந்ததைப் பார்த்தேன். செடி சாகவில்லை, காய்ப்பதும் நிற்கவில்லை.

இரண்டாம் விதைக்காகக் காத்திருந்தது

ஐப்பசி மழைக்குப் பிறகு மறுபடி பச்சை விரிந்தது. பிடுங்கிப் பார்த்தால் வேர்க்கழுத்தில் இருந்த காய் கறுத்து, மக்கி, பாதி உருவிழந்து இருந்தது. போன வருஷத்துக் காய். உறங்கிய சின்ன விதை எழுந்திருக்கிறது. சொன்னால் நம்ப மாட்டீர்கள், அவ்வளவு களையைப் பார்த்து அன்றைக்குச் சந்தோஷப்பட்டேன். மண்ணில் ஒளிந்திருந்தது வெளியே வருகிறது, வந்ததைத்தான் எடுக்க முடியும்.

அவசரப்பட்டு எதுவும் விதைக்கவில்லை. நாற்று இரண்டு உண்மை இலை விட்ட கட்டத்தில் களைக்கொத்தால் மேலோட்டமாகச் சுரண்டி எடுத்தோம், ஒரு அங்குலத்துக்கு மேல் ஆழம் போகாமல். ஆழமாகக் கொத்தினால் கீழே கிடக்கிற காய் மேலே வரும், கணக்கு மறுபடி முதலிலிருந்து தொடங்கும். காயில் இனி விதை மிச்சமில்லை என்பதால் இந்த முறை வேரோடு பிடுங்க வேண்டிய கட்டாயமும் இல்லை, சுரண்டினாலே போதும். அடுத்த மழைக்கு வந்ததையும் அப்படியே. ஆட்கூலி இரண்டுக்கும் சேர்த்து 2,100. தைக்குள் புதிதாக வருவது நின்றுவிட்டது. அதற்குப் பிறகுதான் கடலை. ரோட்டவேட்டர் இல்லை, கலப்பை மட்டும். விழுது இறங்கிய பிறகும் வாரம் ஒருமுறை வரிசைக்குள் நடந்து, தென்பட்ட ஒன்றிரண்டைக் கையுறையோடு பிடுங்கினேன்.

வழக்கமான பயிர்ச் செலவை விட்டுவிட்டு, மருளூமத்தைக்கு மட்டும் ஆனது 11,210 ரூபாய். மருத்துவச் செலவும், கீழே சொல்கிற மடை வலையும் இதில் சேரவில்லை. முதல் உழவின் 1,950-ம், எட்டுப் பேர் களைக்கூலியில் பெரும்பகுதியும் மிச்சம் பிடித்திருக்க முடியும். வெள்ளம் வடிந்ததும் உழாமல், வரப்போரக் குப்பையைக் காய்ந்தவுடன் அள்ளி எரித்து, சாக்கை அப்போதே இழுத்திருந்தால் நிலத்துக்குள் போனது பத்தில் ஒரு பங்குகூட இருந்திருக்காது என்று நினைக்கிறேன். முதல் வருஷம் கடலைக்குப் பதிலாக நேரே தக்கைப்பூண்டு போட்டிருந்தால் ஒரு பட்டம் வீணாகியிருக்காது.

ஆற்றுப் புறம்போக்கில் செடி இன்னும் நிற்கிறது. அது என் கையில் இல்லை, அடுத்த வெள்ளத்துக்கு மறுபடி காய் வரும். பெரிய வெள்ளத்தைத் தடுக்க வழியில்லை. ஆனால் சாதாரண வருஷங்களில் காய் உள்ளே வருகிற வழி வாய்க்கால் மடைதான், காய் மிதந்துதான் வரும். மடை வாயில் இப்போது வலை கட்டியிருக்கிறேன். முதலில் கட்டிய மீன் வலையின் கண் ஒரு அங்குலம். காய் நேராக வந்தால் நுழைந்துவிடுகிறது. இப்போது கட்டியிருப்பது அரை சென்டிமீட்டர் கண் கொண்ட கோழிக்கூண்டு பிளாஸ்டிக் வலை, இரண்டு மீட்டர், 180 ரூபாய். இலை தழை சேர்ந்து அடைத்துக்கொள்வதால் தண்ணீர் பாய்ச்சும்போது ஒருவர் பக்கத்தில் நின்று வழித்துவிட வேண்டியிருக்கிறது. வலையைச் செங்குத்தாகக் கட்டாமல் நீரோட்டத்துக்குச் சாய்வாகக் கட்டினால் குப்பை ஒரு ஓரமாக ஒதுங்கும் என்று பக்கத்து நிலத்துக்காரர் சொல்கிறார். அடுத்த முறை தண்ணீர் விடும்போது அப்படிக் கட்டிப் பார்க்கப் போகிறேன்.